நவாபு தின்ற தோட்டம்

ஆடு கத்தினால் நான் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. அஸ்கரி பேகம் கத்தினால் மலைமேல் அர்ச்சனை செய்துகொண்டிருக்கிற குருக்களே திரும்பிப் பார்ப்பார். அன்றைக்கு மத்தியானம் அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் என் தையல் மிஷின் ஊசி படக்கென்று ஒடிந்துவிட்டது. உலகச் சண்டை முடிந்த வருஷம் அது. ஆனால் ஊசிக்கு அந்தச் சேதி தெரியாது போலிருக்கிறது, கடைகளில் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. வயிற்றெரிச்சலோடு எழுந்து உள்ளே ஓடினேன்.

ஒரே வீடுதான். தெருப்பக்கத்து அறையில் என் கடை, அதை ஒட்டி நானும் என் பெண்டாட்டி மணியம்மையும் குடித்தனம். நடுக்கூடமும் பின்கட்டும் புத்தக பைண்டர் உசேன் பாய்க்கு. அவர், சம்சாரம் அஸ்கரி பேகம், ஒரே மகள் சர்வர் பேகம், அப்புறம் நவாபு. நவாபு என்பது ஆடு. பக்ரீதுக்குக் குர்பானி கொடுக்க கே.ஜி.கண்டிகை சந்தையில் குட்டியாக வாங்கி, தட்டாம்பயறும் அகத்திக்கீரையும் போட்டு வளர்த்த கடா. ரேஷன் அரிசியை நாங்கள் அளந்து தின்ற காலத்தில் அது மட்டும் மினுமினுவென்று இருந்தது.

கூடத்தில் போய்ப் பார்த்தால், நவாபு சுவரோரம் நின்று நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. வாயோரத்தில் பளபளவென்று ஒரு சிவப்புத் தாள் தொங்குகிறது. அதன் இன்னொரு முனை உசேன் பாய் கையில்.

"இஸ்துறாதீங்க! பல்லு ஆடிப்பூடும்! பல்லு போச்சுன்னா குர்பானி ஆவாது!" என்று அஸ்கரி பேகம் அலறினாள்.

"என் குடும்பமே ஆவாம பூடும் போல கீது, நீ ஆட்டுப் பல்லைப் பாத்துகினு இருக்கறியா!" என்று பாய் மூலையில் கிடந்த கழியை எடுத்தார்.

"ஐயோ, அடிக்காதீங்க! கால்ல ஊனம் வந்தாலும் ஆவாது!"

மனுஷன் கழியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். ஆட்டின் தலையைப் பார்த்தார், கொம்பு உடைந்தால் ஆகாது. காதைப் பார்த்தார், காது கிழிந்தாலும் ஆகாது. கடைசியில் கழியைத் தன் தலையிலேயே ஒரு தட்டு தட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். நவாபு மிச்சத்தையும் கேட்பது மாதிரி அவர் கையை மோந்து பார்த்தது. சிரிக்கக் கூடாத நேரம்தான், ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கிறியா பரசுராமா? அது இன்னான்னு தெரியுமா? நசருல்லா சாயபு புக்கு. அவரு கண்ணு மாதிரி வெச்சிருந்த தோட்டம்!"

எனக்குச் சிரிப்பு செத்துவிட்டது.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். புத்தகம் என்றால் பள்ளிக்கூடப் புத்தகக் கணக்கு வேண்டாம். மூடிக் கீழே வைத்தால் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து அதன்மேல் சாப்பிடலாம். எந்த தேசத்து அச்சோ, எழுத்து எங்களில் ஒருவருக்கும் புரியாது. படம் எல்லாருக்கும் புரிந்தது. பாரசீகம், துருக்கி, காஷ்மீரம், சீனா என்று ஆசியாக் கண்டம் பூராவும் அந்தக் காலத்து அரண்மனைகளிலும் மசூதிகளிலும் விரித்திருந்த ரத்தினக்கம்பளங்களை நூல் நூலாகப் பார்த்து வரைந்து, பக்கத்துக்கு ஒன்றாகக் கலரில் அச்சடித்திருந்தான் புண்ணியவான். ஒவ்வொரு படத்துக்கு மேலும் மெல்லிசாக ஒரு எண்ணெய்த் தாள். அதை விலக்கும்போதெல்லாம் எனக்குப் புதுத் துணிக் கட்டைப் பிரிக்கிற சந்தோஷம் வரும். வேலையைப் போட்டுவிட்டு நான் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவேன். மணியம்மை வந்து காதைத் திருகாத குறையாகக் கூட்டிப் போவாள்.

நசருல்லா சாயபுவுக்கு அரக்கோணத்தில் கம்பளக் கடை. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இஞ்சினீரிடமிருந்து அவர் அப்பா வாங்கிவைத்த புத்தகம் அது. கடைக்கு யார் வந்தாலும் முதலில் புத்தகத்தைத் திறப்பார், அப்புறம்தான் கம்பளத்தை. அவர் மகன் நஜீர் அகமது, ரயில்வே ஷெட்டில் பிட்டர். நல்ல பையன். அவனுக்கு நம் சர்வரைக் கேட்டிருந்தார்கள். சாயபுவுக்குச் சம்மதம். அவர் அக்கா ஆலம் பீக்குத்தான் மனசில்லை. அந்த அம்மாளுக்கு வாணியம்பாடிப் பக்கம் பெரிய இடமாகப் பார்க்க ஆசை. தம்பி அக்கா பேச்சைத் தட்ட மாட்டார். இழுத்துக்கொண்டே போனது. ஒருநாள் சாயபு மட்டும் மாட்டு வண்டியில் புத்தகத்தோடு வந்து இறங்கினார்.

"உசேனு, இதோட முதுகு உட்டுப் பூட்ச்சு. தாளெல்லாம் பின்னாடி கிழிஞ்சிருக்குது. பக்ரீத் மறுநாளு அக்காவை இட்டுகினு வரேன். புக்கைப் பாத்தா அவுங்களுக்கு உம்மேல ஒரு நம்பிக்கை வரும். அன்னிக்கே நிக்காஹ் தேதியும் சொல்லிட்டு, புக்கையும் எடுத்துகினு போறோம்" என்றார். போகும்போது நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். குளம், குளத்திலிருந்து நாலு பக்கமும் வாய்க்கால், கரையெல்லாம் மரம், தண்ணீரில் மீன். "எல்லாப் படமும் ஒரு பக்கம், இந்தத் தோட்டம் ஒரு பக்கம். பாத்துக்கோ."

உசேன் பாய் பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். ஒவ்வொரு படத்துக்கும் முதுகில் மல் துணி ஒட்டி, கூடத்தில் கொடி கட்டிக் காயப் போட்டார். துணி என் கடையிலிருந்து போனது. ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டதால் வெளியே காயவைக்க வழியில்லை. பின்கட்டுச் சாய்ப்பு ஒழுகியதால் நவாபுவையும் கூடத்துக்குள் கட்டினார்கள். அதுவும் போகட்டும். பாய் எப்போதும் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் போடுவார். நீலமாக, விஷக் கசப்பாக இருக்கும், பூச்சி கிட்ட வராது. இந்தத் தடவை அஸ்கரி பேகம்தான் தடுத்தாள்.

"வூட்டுக்குள்ள அல்லாவுக்கு நேர்ந்த சீவன் சுத்திகினு கீது. துத்தம் கித்தம் வேணாம். நக்கித் தொலைச்சு நோவு வந்துச்சுன்னா?" என்று.

ஆட்டுக்கு ஆகாது என்று துத்தத்தை விட்டார்கள். மாவுப்பசை இனிப்பாக இருந்தது. ஆடு அவிழ்த்துக்கொண்டு போய்த் தின்றுவிட்டது. இந்தக் கூத்து உசேன் பாய் வீட்டைத் தவிர உலகத்தில் வேறு எந்த வீட்டில் நடக்கும், சொல்லுங்கள்!

"அந்த ஆலம் பீக்கு இது ஒண்ணு போதும்" என்று அஸ்கரி பேகம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "தாளையே காப்பாத்தத் தெரியாத வூட்டுல பொண்ணு எடுக்கறியான்னு கேப்பா. கேக்கட்டும், எல்லாம் என்னால வந்தது."

அதுவரைக்கும் வாயே திறக்காத சர்வர் பேகம் கீழே குனிந்தாள். பாய் கையிலிருந்து நழுவி ஆட்டுக் காலடியில் ஈரமாகக் கிடந்த துண்டை எடுத்து, துப்பட்டியில் ஒற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது அந்தப் பெண்ணுக்கு.

"அப்பா, ஒரு மூலை பூராவும் அப்படியே கீது! குளத்துல கால்வாசி கீது பாருங்க. வாய்க்கா ரெண்டுலயும் பாதிப் பாதி கீது. மரமெல்லாம் கீது!"

"ஒரு மூலையை வெச்சிகினு இன்னாம்மா பண்றது?"

"தொப்பிக்குப் பூ போடறன் இல்ல? ஒரு இதழை வெச்சித்தானே முழுப் பூவும் போடறன்."

அவள் சொன்னதை என் பெண்டாட்டி என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டு மாவுக் கையோடு வந்து நின்றவள், "ஆங், கோலம் மாரி! ஒரு மூலை வந்துச்சுன்னா நாலு மூலையும் வந்துடும்!" என்றாள். நானும் சும்மா இருப்பேனா? துணியை நாலாக மடித்து ஒரே வெட்டில் கழுத்து எடுக்கிறவன் நான். "மடிப்பு நேரா இருந்தா போதும்" என்று என் பங்குக்குச் சொல்லிவைத்தேன். கூடத்தில் அதுவரைக்கும் இருந்த இழவு வீட்டுக் களை போய்விட்டது. ஆளாளுக்குப் பேசினார்கள்.

"தாளுக்கு எங்க போறது? இந்தக் கனத்துல தாளு மெட்ராஸ்லயே கெடைக்காது" என்றார் பாய். சொல்லிவிட்டு அவரே துள்ளி எழுந்தார். புத்தகத்தின் கடைசியில் ஒன்றுமே அச்சடிக்காத வெறும் தாள்கள் இரண்டு இருந்தன. அதே தாள், அதே கனம், அதே மஞ்சள் பாரித்த நிறம். ஒன்றை அறுத்துக் கொடுத்தார். முதுகில் பேர் பொறிக்க வைத்திருந்த தங்க ரேக்கையும் எடுத்து வைத்தார்.

சாயத்துக்கு நான் பள்ளிப்பட்டுக்குப் புறப்பட்டேன். அங்கே தறி நெய்கிற கண்ணையன் எனக்கு நூல் கொடுக்கிற ஆள். அன்றைக்குக் கிடைத்தது கரியில் ஓடுகிற பஸ். ஏற்றம் வந்தால் மூச்சு முட்டி நின்றுவிடும், இறங்கித் தள்ள வேண்டும். தள்ளினேன். மழையில் வேட்டியெல்லாம் சேறு. கண்ணையன் சேதி கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஆடு துன்னுச்சா? ஏன்பா, அந்த ஆட்டுக் கறி செவப்பா இருக்குமா, பச்சையா இருக்குமா?"

"நக்கல் பண்ணாத நைனா. ஒரு பொண்ணு கல்யாணம்."

"கல்யாணம்னு மொதல்லயே சொல்ல வேணாம்?" என்று எழுந்து போனவன், சிவப்பு, நீலம், பச்சை, கருநீலம் என்று சுருட்டிச் சுருட்டிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். நனையாமல் இருக்க எல்லாவற்றையும் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன். வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் என் நெற்றியில் நீலம் இறங்கியிருந்தது. சர்வர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்புறம் பார்க்க வேண்டுமே அந்தப் பெண் வேலை செய்ததை! ரவிக்கைக்கு மாதிரி எடுக்க நான் வைத்திருந்த ஒரு எண்ணெய்த் தாளை மிச்ச மூலையின் மேல் வைத்து, கோடு கோடாக எடுத்தாள். பிறகு ஊசியால் கோட்டின் மேலேயே புள்ளி புள்ளியாகக் குத்தினாள். என்னிடம் ஒடியாமல் பாக்கியிருந்த ஊசி அது. குத்திய தாளைப் புதுத் தாளின் ஒரு மூலையில் வைத்து, கரித்தூளைத் துணியில் முடிந்து லேசாகத் தட்டினாள். எடுத்துப் பார்த்தால் மரம், வாய்க்கால், குளக்கரை எல்லாம் பொடிப் புள்ளியாக இறங்கியிருந்தது. குத்திய தாளைப் புரட்டி அடுத்த மூலை. நாலு மூலையும் ஆனதும் வெறும் தாளில் தோட்டம் எழுந்து நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மீன் விஷயத்தில் மட்டும் ஒரு தகராறு வந்தது.

"மீனு மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துகினு நிக்குது. சண்டை போடற மாரி" என்றாள் சர்வர்.

"கோலம்னா அப்படித்தான்டி வரும்" என்றாள் மணியம்மை.

"இல்லக்கா. அது ஒண்ணை ஒண்ணு தொரத்திகினு சுத்தும். நான் பாத்திருக்கறன்."

மீனை மட்டும் அழித்துத் திருப்பிப் போட்டாள். அப்புறம் சாயம். சிவப்பு ஒரு நாள், காய்ந்த பிறகு நீலம், அப்புறம் பச்சை. மழை பெய்துகொண்டே இருந்ததால் அஸ்கரி பேகம் கும்பிச் சட்டியில் கனல் போட்டுத் தாளுக்குச் சூடு காட்டினாள். இந்தத் தடவை பசையில் துத்தம் போட்டார்கள். நவாபுவை என் கடையில் கட்டினார்கள். அது ஒரு புது ரவிக்கையின் கையைத் தின்றது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

புத்தகம் கட்டி முடித்த அன்று பாய் பொடியை உறிஞ்சிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நல்லாத்தான் வந்திருக்குது. ஒண்ணும் பேசாம குடுத்துடலாம். யாருக்கும் தெரியாது."

சர்வர் நிமிர்ந்தாள். "சொல்லிட்டுக் குடுங்கப்பா."

"சொன்னா அந்தம்மா இன்னா சொல்லும்னு தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும். சொல்லாம குடுத்துட்டு, நாளைக்கு நான் அந்த வூட்டுல போயி அவுங்க மூஞ்சில எப்படி முழிக்கறது? கடைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் அவுரு அந்தப் பக்கத்தைத் தெறந்து காட்டுவாரு. நான் உள்ள குந்திகினு கேக்கணுமா?"

 பாய் பொடி டப்பாவைத் திறந்தார், மூடினார்.

பக்ரீத் மறுநாள் காலைப் பாசஞ்சரில் வந்தார்கள். நசருல்லா சாயபு சரிகைத் தொப்பியில் ஜம்மென்று இருந்தார். ஆலம் பீ கெட்டியான அம்மாள், எதையும் கண்ணால் அளந்துதான் உட்காருவாள். அஸ்கரி பேகம் பிரியாணி செய்திருந்தாள். அந்த வாசனை என் மிஷின் வரைக்கும் வந்து என்னைக் கொன்றது. கார்த்திகை பிறந்திருந்தது, மலையடிவாரத்தில் இருந்துகொண்டு கறியைத் தொட்டால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று மணியம்மை சொல்லிவிட்டாள். சாயபு இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "கறி பூவாட்டம் கீது. இன்னா போட்டு வளர்த்தீங்க?" என்று கேட்டபோது உசேன் பாய்க்குப் புரை ஏறியது.

சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் புத்தகம். சர்வரும் மணியம்மையும் பின்கட்டுத் திரைக்குப் பின்னால். என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார் பாய். துணைக்குத்தான்.

"சாயபு, தெறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறன். ஒரு படம் கெட்டுப் பூட்ச்சு. மூலை மட்டுந்தான் மிஞ்சிச்சு. அதை வெச்சி என் மவ அதே மாரி போட்டிருக்கா."

சாயபு முகம் இருண்டது. "எப்படிக் கெட்டுச்சு? அந்தப் பழைய தாளு எங்க?"

பாய் என்னைப் பார்த்தார். எனக்குத்தான் நாக்கில் சனி. "அது… நீங்க இப்பதான் சாப்ட்டீங்க" என்று சொல்லிவிட்டேன்.

சாயபுவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. நடந்ததை எல்லாம் நானே சொன்னேன். மனுஷன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மீசைக்குள் சிரிப்பு வரப் பார்த்தது. ஆலம் பீ சிரிக்கவில்லை.

"அப்பா வெச்சிட்டுப் போன புக்கு. ஆட்டுக்குப் போட்டுட்டாங்க" என்றாள். "எந்தப் படம்?"

"சொல்லாத!" என்று சாயபு கையை உயர்த்தினார். "நானே கண்டுபிடிக்கறன். என் புக்குல ஒரு தாளு மாறினா எனக்குத் தெரியாதா?"

"கண்டுபிடிச்சா அதைக் கிழிச்சி எடுத்துடு. ஒட்டுப்போட்ட புக்கு நமக்கு வேணாம். தேதியெல்லாம் அப்பால பேசிக்கலாம்" என்றாள் ஆலம் பீ. அந்த 'அப்பால'வுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அஸ்கரி பேகம் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சாயபு புரட்டினார். துருக்கித் தொழுகைக் கம்பளம், தலையாட்டல். பாரசீக வேட்டைக் கம்பளம், தலையாட்டல். இப்படியே பாதிப் புத்தகம் போய், அடுத்தது தோட்டம்.  எண்ணெய்த் தாளை விலக்கி, முகத்தைக் கிட்டே கொண்டுபோனார்.

"ஆஹா! பாருக்கா, இத்தினி வருஷம் ஆயும் கலரு மங்குச்சா? வெள்ளைக்காரன் வேலைன்னா வேலைதான்!" என்று இரண்டு கையாலும் தடவிக்கொடுத்தார். திரைக்குப் பின்னால் 'க்ளுக்' என்று ஒரு சத்தம். மணியம்மை சர்வர் வாயைப் பொத்தியிருப்பாள்.

புரட்டிக்கொண்டே போனார். புத்தகத்தின் பின்பாதிக்கு அவர் கடையில் யாரையும் கொண்டுபோனதில்லை என்று பிற்பாடு தெரிந்தது. வாங்க வருகிறவர்களுக்குத் தோட்டம் வரைக்கும்தான் பொறுமை. அங்கே ஒரு சீனக் கம்பளம் இருந்தது. மஞ்சள் தரையில் நாலு காலும் நகமும் மீசையுமாக ஒரு பெரிய பாம்பு நெளிந்து, வாயால் நெருப்பை ஊதிக்கொண்டிருந்தது.

"தோ! புட்சிட்டன்!" என்று சாயபு தொடையைத் தட்டினார். "பாம்புக்குக் காலு போட்டிருக்குது பாரு பொண்ணு! மீசை வேற! எந்த ராஜா வூட்டுலக்கா இப்படிக் கம்பளம் விரிப்பான்?"

"கிழி" என்றாள் ஆலம் பீ.

சாயபு தாளின் ஓரத்தைப் பிடித்தார். உசேன் பாய் பாதி எழுந்துவிட்டார். நான் ஒளிக்காமல் சொல்கிறேன், கிழிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். சீனப் பாம்பு போனால் யாருக்கு என்ன? தோட்டம் தப்பித்துக்கொள்ளும், பெண்ணும் தப்பித்துக்கொள்வாள்.

திரை விலகியது. வரப்போகிற மாமனார் முன்னால் வரக் கூடாத பெண், முக்காடு சரிய ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிழிக்காதீங்க மாமா! அது நெஜம்! நான் போட்டது தோட்டம்!"

 சாயபு அவளைப் பார்த்தார், பாம்பைப் பார்த்தார். மெதுவாகப் பக்கங்களைத் திருப்பித் தோட்டத்துக்குப் போனார். புத்தகத்தோடு எழுந்து முற்றத்து வெளிச்சத்துக்கு நகர்ந்தார். விரலால் குளத்தைத் தொட்டார். அந்த மனுஷன் முகம் சிவந்து வியர்த்ததை நான் பார்த்தேன். கோபமா வெட்கமா என்று தெரியவில்லை. 

"ஏம்மா, நீ பேசாம இருந்திருந்தா தெரிஞ்சே இருக்காதே" என்றார்.

"தெரிஞ்சிருக்காது மாமா. ஆனா அந்தப் பாம்பு இன்னா பண்ணுச்சு, பாவம்?"

முதலில் சிரித்தது ஆலம் பீ. நம்ப மாட்டீர்கள், அந்தக் கெட்டியான உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே சர்வரை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அந்தப் பெண்ணின் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். எவ்வளவு தேய்த்தும் போகாத பள்ளிப்பட்டு நீலம் நகக்கண்ணில் இருந்தது.

"எம் பேரு கெட்டாலும் பரவால்ல, உங்க பொருளு கெடக் கூடாதுன்னு ஓடியாந்தா பாரு. இதுக்கு மேல இன்னாத்தைத் தேடிகினு வாணியம்பாடிக்குப் போறது?" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கற்கண்டு, சம்பந்தம் பேசி முடித்தால் பெண் வாயில் போடுகிறது. காலையிலிருந்து அவிழ்க்காமல் வைத்திருந்திருக்கிறாள். ஒரு கட்டியை எடுத்து சர்வர் வாயில் போட்டாள். அஸ்கரி பேகம் ஓவென்று அழுதாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மணியம்மை உள்ளேயிருந்து மூக்கைச் சிந்துவது எல்லாருக்கும் கேட்டது.

சாயங்கால வண்டிக்குப் புறப்பட்டார்கள். உசேன் பாய் புத்தகத்தைப் போர்வையில் சுற்றி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஸ்டேஷன் வரைக்கும் சுமக்க நானும் தயாராக நின்றேன்.

நசருல்லா சாயபு அதை வாங்கவில்லை.

"இங்கியே வெய்யி, சம்பந்தி" என்றார். "நிக்காஹ் முடிஞ்சி எம் மருமவ வரும்போது அவளே எடுத்துகினு வரட்டும். அதுவரிக்கும் கடையில அதைப் பத்தித் தெரிஞ்சி தெறந்து காட்டறதுக்கு ஆளு கெடையாது."